சுத்தமான ஃப்ரேம்

இதில் ஒரு வரியும் கற்பனை இல்லை. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். கேமராப் பை இன்னும் வாசலுக்கு வெளியேதான் கிடக்கிறது. பல முறை துவைத்தாயிற்று. வெயிலில் காயவைத்தாயிற்று. பக்கத்து வீட்டு நாய் ஒருநாள் அதை முகர்ந்து பார்த்தது. பிறகு மதிலோரம் போய் வாந்தி எடுத்தது.

பிழைப்புக்குக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஆசைக்கு ரயில். அதிலும் நீராவி என்ஜின் என்றால் எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகூட நினைவிருக்காது என்று என் மனைவி சொல்வாள். பாதி உண்மை.

இந்தப் பைத்தியம் ஒரு படத்தில் ஆரம்பித்தது. இருபது வயதில் பழைய பொருள் கடை ஒன்றில் வாங்கினேன். கறுப்பு வெள்ளை. நீராவி என்ஜின் ஒன்று வளைவில் திரும்புகிறது. உலைக்குக் கரி போடும் ஃபயர்மேன் பக்கவாட்டில் சாய்ந்து சிரிக்கிறார். பின்னால் பெட்டிகளில் ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைக் கைக்குட்டைகள். நான் அதை வாங்கியது புகைக்காக. சாதாரணப் புகை மேலே போகும். இது போகவில்லை. கூழ் போலக் கனத்து, பெட்டிகளின் கூரைமேல் வழிந்து, ஜன்னல்வரை இறங்கியிருந்தது. அப்படி ஒரு புகையை எடுக்க வேண்டும் என்றுதான் கேமரா வாங்கினேன். இருபத்தைந்து வருடமாக அலைகிறேன். ஈரக் கரி போடச் சொல்லிப் பார்த்தேன். எண்ணெய்த் துணி போடச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் புகை வரவேயில்லை.

படத்தைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருந்தேன். என் மகள் மூன்று வயதில் அதைக் காட்டினால்தான் சோறு வாங்கிக்கொள்வாள். “எல்லாரும் டாட்டா சொல்றாங்கப்பா. திருப்பிச் சொல்ல யாருமே இல்ல, பாவம்” என்று அவளே கையசைப்பாள்.

அந்த என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் எல்லையில் ஒரு ஷெட்டில் வைத்திருந்தார்கள். வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும். என் தங்கையின் கணவருக்கு அங்கே பாய்லர் ஃபிட்டராக வேலை கிடைத்தபோது அவளைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினின் உலை என்பது ஓர் ஆள் படுக்கக்கூடிய இரும்பு அறை. தீ இல்லாத நாளில் அதன் வாய் வழியே உடம்பைக் குறுக்கி உள்ளே போய்க் குழாய்களைச் சோதிப்பார்கள். உள்ளே போகிறவர் தன் ஷூ ஒன்றைக் கழற்றி, கேபினில் என்ஜினை ஓட்டப் பிடிக்கும் ரெகுலேட்டர் கைப்பிடியில் கட்டிவிட வேண்டும். கைப்பிடியில் ஷூ தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. யாரும் தீ வைக்கக் கூடாது. பலகை எழுதி மாட்டலாமே என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“பலகைய மறந்துட்டுப் போயிடுவாங்க. ஒத்தை ஷூவோட எவனாவது வீட்டுக்குப் போவானா மச்சான்?”

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை என்ஜின் ஓட வேண்டும். பாய்லர் மெதுவாகச் சூடாக, முந்தைய மாலையே சிறு தீ வைப்பார்கள். அதற்கு முன் மாப்பிள்ளை உள்ளே போய்க் குழாய்களைப் பார்க்க வேண்டும். ஷெட்டில் அன்று இருந்தது மூன்றே பேர். நான், மாப்பிள்ளை, ஃபயர்மேன். ஃபயர்மேனுக்கு அறுபது வயதிருக்கும். எலும்பும் தோலுமான ஆள். ஷெட்டில் அவர் பெயர் தீக்குச்சி. போனை எடுத்தாலே “தீக்குச்சி பேசுறேன்” என்றுதான் சொல்வார்.

எனக்கு கேபின் படம் ஒன்று வேண்டியிருந்தது. மாலை வெயில் பக்க ஜன்னல் வழியாக வந்து பித்தளை மீட்டர்கள்மேல் சில நிமிடம்தான் விழும். ஐந்தே முக்காலுக்கு ஏறினேன். மாப்பிள்ளையும் தீக்குச்சியும் என்ஜினின் முன்பக்கம் நின்றிருந்தார்கள். பேச்சுக் கேட்டது. உங்களை உலைக்குள் அனுப்பினால் விறகு என்று நினைத்துக் கொளுத்திவிடுவார்கள் என்று மாப்பிள்ளை அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

கைப்பிடியில் ஒரு ஷூ தொங்கியது.

கறுத்த தோல். அடிப்பகுதி உருகி மடங்கியிருந்தது. தோலின்மேல் கொழுப்பு போல ஏதோ படர்ந்து மினுங்கியது. வாய்ப்பக்கம் சிறு முடிகள் ஒட்டியிருந்தன. கெட்டுப்போன நெய்யைத் திரும்பக் காய்ச்சினால் எப்படி நாறும்… அதோடு பொசுங்கிய மயிரின் நாற்றம். தொண்டைக்குள் ஏதோ பூசிக்கொண்டதுபோல் இருந்தது.

இரண்டு பேரும் வெளியே இருக்கிறார்கள். உள்ளே யாரும் இருக்க முடியாது. இருந்தாலும் உலை வாயில் குனிந்து குரல் கொடுத்தேன். பதில் இல்லை. என்றைக்கோ யாரோ விட்டுப்போன பழைய ஷூ என்று முடிவு செய்தேன்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷட்டரை அழுத்தும் முன் ஃப்ரேமைச் சுத்தம் செய்வது. தண்ணீர் பாட்டில், அழுக்குத் துணி, எதுவானாலும் வெளியே. யோசிக்கக்கூட மாட்டோம். கை தானாகப் போகும்.

இரண்டு விரலால் முடிச்சை அவிழ்த்தேன். ஷூ ஈரமாக இருந்தது.

சூடாகவும் இருந்தது.

படியோரம் இருந்த குப்பை டிரம்மில் போட்டேன். விரல்களைக் கால்சட்டையில் துடைத்தேன். போகவில்லை. துடைக்கத் துடைக்கப் பரவியது. அந்தக் கையோடுதான் கேமராவைப் பிடித்தேன். பதினோரு படம் எடுத்தேன். வெயில் நன்றாக விழுந்திருந்தது.

கடைசிப் படத்தின்போது முதுகுக்குப் பின்னால், உலைக்குள்… ஒரு சத்தம்.

சர்ர்ர்…

தகரத்தில் நகத்தை இழுப்பதுபோல. திரும்பிப் பார்த்தேன். இருட்டு. போன் வெளிச்சத்தை அடித்தேன். சாம்பல் தூசி. வெறும் இரும்புச் சுவர். ஆனால் உலை வாயின் விளிம்பில், உட்புறமாக, நான்கு கோடுகள். விரல் வைத்துத் தேய்த்ததுபோல. கொழுப்பு மினுங்கியது.

எலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். கேபினுக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார். “என்ன மச்சான், இங்கயே சமையலா?” ஷூவைப் பற்றிச் சொன்னேன். இன்று யாரும் கட்டவில்லையே என்றார். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. தன் ஷூவைக் கழற்றிக் கைப்பிடியில் கட்டினார். மஞ்சள் நாடா போட்ட ஷூ. இரட்டை முடிச்சு. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, தலை முதலில், வளைந்து நெளிந்து உள்ளே போனார். ஒற்றைச் சாக்ஸ் கால் கடைசியாக மறைந்தது.

நான் வெளியே வந்து கேமரா முக்காலியை எதிர்ப் பிளாட்பாரத்தில் நிறுத்தினேன். இருட்டத் தொடங்கியது. விரல்களை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். அருவருப்பான எதையும் திரும்ப முகரத் தோன்றும் அல்லவா. அப்படி.

ஆறே கால். தீக்குச்சி விறகுக் கட்டோடு கேபினில் ஏறினார். நிமிர்ந்து கைப்பிடியைப் பார்த்தார். விறகை உலைக்குள் தள்ளினார். மாப்பிள்ளை வேலை முடித்து இறங்கியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு கரி அள்ளும் தட்டின்மேல் மண்ணெண்ணெய்த் துணியை வைத்துக் கொளுத்தினார்.

பக்கென்று சுடர் எழுந்தது. அவர் முகம் செம்பு நிறமானது. பின்னால் பித்தளை மின்னியது. இப்படி ஒரு ஃப்ரேம் வருடத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிய விஷயம். அழுத்தினேன்.

கேமரா வழியே பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கண்ணை உறுத்த எதுவும் இல்லை. சுத்தமான ஃப்ரேம்.

சுத்தம்…

கைப்பிடியில் ஷூ இல்லை.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தீக்குச்சி கரித் தட்டை உலை வாய்க்கு நேராகத் தூக்கியிருந்தார். அப்படியே நின்றார். எரிந்த துணி அவர் காலடியில் விழுந்தது. மிதித்து அணைத்தார்.

ஓடிப்போய் ஏறினேன். உள்ளே விளக்கு எரியவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை.

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

இரண்டு பேரின் மூச்சு.

தீக்குச்சி கையை உள்ளே விட்டார். கால் கிடைத்தது. இழுத்தோம். வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் பிடித்திருப்பதுபோல்…

திரும்ப இழுத்தோம்.

சட்டென்று விட்டது.

மாப்பிள்ளை விறகோடு சேர்ந்து வெளியே வந்து விழுந்தார். வாயைச் சுற்றிக் கறுப்பாக அப்பியிருந்தது. ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை. உள்ளங்கை அகலம். கேபின் தரையிலேயே வாந்தி எடுத்தார். வாந்தியின்மேல் கொழுப்பு மிதந்தது.

வெகு நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

“ஏன் மச்சான் வாயைப் பொத்துனீங்க?”

நான் வெளியே இருந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. படுத்து மேல் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு மங்கியதாம். பக்கத்தில் யாரோ வந்து ஒட்டிப் படுத்தார்களாம். படம் எடுக்க நான்தான் வந்துவிட்டேன் என்று நினைத்துத் தள்ளிப் படுங்கள் என்றாராம். கால்மேல் விறகு விழுந்தபோது கத்த வாயைத் திறந்தாராம். வழவழவென்று ஒரு கை…

அவருடைய ஷூவைத் தேடினோம். குப்பை டிரம்மில் இருந்தது. நான் பழைய ஷூவைப் போட்ட அதே இடத்தில். மஞ்சள் நாடா. இரட்டை முடிச்சு அவிழ்க்கப்படாமல் இருந்தது.

பழைய ஷூ இல்லை. டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தோம். இல்லை.

என் தங்கைக்கு அன்றே செய்தி போய்விட்டது. படத்துக்கு இடைஞ்சல் என்று கண்டதையும் எடுத்து வீசுகிற என் புத்தி அவளுக்குத் தெரியும். அவள் கல்யாண மேடையிலேயே மாமியாரின் கைப்பையைத் தூக்கி அப்பால் வைத்தவன் நான். வேறொரு ஷூவைப் பற்றி நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

“உன் ஃப்ரேமுக்கு என் புருஷன்தான் கிடைச்சாராண்ணா?”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் பேசியிருக்கமாட்டேன்.

தீக்குச்சி மட்டும் அன்று ஒரு காரியம் செய்தார். கிளம்பும் முன் என் வலது கையைப் பிடித்து அந்த இரண்டு விரல்களை முகர்ந்தார். கையை மெதுவாக விட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையைப் பார்க்க. என் மனைவி சமாதானத்துக்காகத் தங்கையையும் மாப்பிள்ளையையும் சாப்பிட அழைத்திருந்தாள். தங்கை வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். தீக்குச்சிக்கும் தட்டு வைத்தோம். முதல் கவளத்தை எடுத்தவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். படத்தின் அருகே போய்ச் சிரிக்கிற ஃபயர்மேன்மேல் விரல் வைத்தார்.

“எங்கப்பா.”

அவர் அப்பா வேலை பார்த்த கடைசி நாள் அதுவாம். அதற்குப் பிறகு ஷெட் பக்கமே போகவில்லையாம். வீட்டில் அடுப்புகூடப் பற்றவைக்கமாட்டாராம். அன்று விடியற்காலை ஒருவர் கேபினைப் படம் எடுக்க வந்திருக்கிறார். கைப்பிடியில் ஒரு ஷூ. அசிங்கமாக இருக்கிறது என்று அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டார். திரும்பக் கட்டவில்லை. உள்ளே பாய்லர் ஃபிட்டர் தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் காலத்தில் உலைக்குள் குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் வேறொரு என்ஜின் நீராவியைக் கக்கிக்கொண்டு நின்றது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அப்பா கைப்பிடியைப் பார்த்தார். ஷூ இல்லை. தீ வைத்தார்.

பகல் முழுக்க என்ஜின் ஓடியது. சாயங்காலம் சாம்பலை வாரும்போதுதான் தெரிந்தது. ஒரு பெல்ட் கொக்கி. அதோடு… அவர் நிறுத்திக்கொண்டார்.

“ஷூவை எடுத்தவரு அன்னிக்கு ரயிலையும் படம் புடிச்சாரு. இதான் அது.”

என் தங்கை தட்டைத் தள்ளி வைத்தாள். எட்டு நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வலது கையை.

“இத மாட்டி வெச்சுக்கிட்டா சாப்பிடுறீங்க?” என்று தீக்குச்சி கேட்டார். கோபமில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு படத்தைக் கழற்றினேன். கண்ணாடியை எடுத்துவிட்டு, கேமரா லென்ஸைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடிபோல வைத்துப் பார்த்தேன். வழிந்து இறங்கும் அந்தப் புகை. நான் இருபத்தைந்து வருடம் தேடிய புகை. அதற்குள் ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலாக நகர்த்தினேன். வெள்ளைக் கைக்குட்டைகள்.

ஒருவர்கூட டாட்டா சொல்லவில்லை.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.