கதவில் தொங்கிய கட்டு

செல்லக்கனியைப் பொறுமைசாலி என்று ஆமத்தூரில் சொல்வார்கள். அந்தப் பட்டத்தை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேறு வழியில்லாமல் பேசாதிருப்பவரைப் பொறுமைசாலி என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் இருந்தபடியே சிவகாசிக் கம்பெனி ஒன்றுக்குப் பட்டாசுப் பெட்டி மடித்து ஒட்டுகிறார். தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் செய்யும் வேலை. போன சீசனில் வலது கை விரல்கள் மரத்துப்போயின. அட்டை எங்கே மடிகிறது என்பதை அந்த வேலையில் விரல்தான் பார்க்கும், கண் பார்க்காது. விரல் போனால் வேலையும் போய்விடும். விருதுநகர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறது, தினமும் இருபது நிமிடம் இடைவிடாமல் கழுத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும், கேட்காவிட்டால் ஆபரேஷன்தான் என்றார்.

முதுகெலும்பை இழுத்துச் சரிசெய்யும் ஆசை மிகப் பழையது. பண்டைக் கிரேக்கத்தில் நோயாளியை ஏணியில் கட்டி, ஏணியை உயரத் தூக்கிக் கீழே விட்டிருக்கிறார்கள். கூட்டம் வாய்பிளந்து பார்த்ததே தவிர, அதில் யாரும் நிமிர்ந்ததாகத் தெரியவில்லை என்று அக்காலத்து வைத்தியர்களே சலித்துக்கொண்டார்கள். பிறகு உருளை வைத்த பலகை வந்தது. கப்பியும் மணல்மூட்டையும் வந்தன. இன்று மோட்டார் வைத்த மேசை. கருவி எத்தனையோ மாறியும், கட்டப்பட்டவரைச் சுற்றியிருப்பவர்கள் சற்று நேரம் சும்மா விடுவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. அதை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

செல்லக்கனிக்குக் கிடைத்தது கதவில் மாட்டும் வகை. தாடையையும் பிடரியையும் பிடிக்கும் பட்டை, அதிலிருந்து கதவின் உச்சியில் உள்ள கப்பி வழியாகப் போகும் கயிறு, மறுமுனையில் தண்ணீர் நிரப்பும் பை. ஒற்றை அறை வீடு, ஒற்றைக் கதவு. உள்ளே பசை காயும் பெட்டிகள். பை தையலில் ஒழுகி ஓர் அடுக்குப் பெட்டி நனைந்ததும் அவர் பையைத் தூக்கிப் போட்டார். ஒட்டி முடித்த பெட்டிக்கட்டு ஒன்று டாக்டர் சொன்ன எடைக்குச் சரியாக இருந்தது. இடமில்லாததால் அதைக் கதவுக்கு வெளிப்புறம் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே அதைப் பார்த்து உட்கார்ந்தார்.

வேனில் சரக்கு ஏற்ற வரும் சுந்தரபாண்டிக்கு ஒரே கணக்குதான். வாசலுக்கு வெளியே இருப்பது கம்பெனிக்கு. யாரையும் கூப்பிட மாட்டார், எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். அன்று தூறல். நனையாமலிருக்கத்தான் கட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கொக்கியிலிருந்து கழற்றினார். உள்ளே செல்லக்கனியின் தலை சட்டென்று முன்னால் விழுந்தது. வலது கை முழங்கை வரை மரத்துப்போயிற்று.

முனகல் கேட்டு ஓடிவந்த சுந்தரபாண்டிக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாம்லக்கா."

"தாடையக் கட்டிப் போட்டுட்டு எங்கிட்டுலே குரல் கொடுக்க?"

சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் வெள்ளைத்துரை சாயங்காலம் வந்து கதையைக் கேட்டார். நல்லவேளை, கட்டோடு சேர்த்து உன்னையும் லோடு ஏற்றாமல் விட்டானே என்றார். செல்லக்கனி சிரிக்கவில்லை. டாக்டரோ, பெட்டியைத் தொங்கவிடச் சொன்னது யார் என்று கேட்டு, சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

இப்போது கதவில் தொங்குவது மணல் பை. சுந்தரபாண்டியும் திருந்திவிட்டார். சீசன் நேரம், வேன் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. எப்போது வந்தாலும் வாசலில் நின்று, மூடிய கதவைத் தொடாமல், மரியாதையாகக் கேட்கிறார்.

"அக்கா, கழுத்த மாட்டியிருக்கீகளா? கட்ட எடுக்கலாமா?"

பதில் வராமல் எதையும் தொடமாட்டார். மறுபடி கேட்பார், இன்னும் சற்று உரக்க. உள்ளே செல்லக்கனி மரத்த விரல்களால் பட்டையின் கொக்கியைத் தடவித் தேடி, தாடையை விடுவித்துக்கொள்கிறார்.

"மாட்டித்தான் இருந்தேன். இப்பக் கழட்டிட்டேன். எடுத்துட்டுப் போ."