கேமரா அணைந்திருந்த மதியம்

அந்த அறைக்குள் ஆண்டவர் இருந்தார் என்றால், அன்னம்மாளுக்காக ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? அன்னம்மாள் நடந்ததை என்னிடம் சொல்லி முடித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இது.

அன்னம்மாள் ஆவடியிலிருந்து பஸ் மாறி வானகரத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட லோகநாயகியைக் கவனிக்கும் வேலை. லோகநாயகியின் மகள் ஸ்வாதி ஐ.டி. கம்பெனியில் இருந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே கேமரா வைத்து, ஆபீசிலிருந்தே செல்போனில் அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அன்னம்மாளையும்.

முதல் வாரமே தகராறு. லோகநாயகியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முன்பும், கஞ்சி ஊட்டும் முன்பும் அன்னம்மாள் கண்ணை மூடி, "இயேசப்பா, கூட இரும்" என்பாள். கேமராவிலிருந்து ஸ்வாதியின் குரல் வெடித்தது.

"அக்கா, தூங்கறீங்களா? இன்னொரு தடவை பார்த்தேன், ஏஜென்சிக்குச் சொல்லிடுவேன்."

"ஜெபம் பண்ணேம்மா."

"அதை உங்க வீட்டுல பண்ணுங்க."

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் ஒரு புகார் விழுந்தால் அப்புறம் எந்த வீட்டுக்கும் அனுப்பமாட்டார்கள். அன்னம்மாளுக்குத் தெரிந்ததோ இந்த ஒரே வேலை. அன்றிலிருந்து கண்ணைத் திறந்துவைத்தே ஜெபித்தாள். மூத்திரத் துணி அலசும்போதும், முதுகுப் புண்ணுக்கு மருந்து போடும்போதும் உதடு மட்டும் அசையும்.

சமையல்கார வனஜா விடமாட்டாள். "இன்னாக்கா, உங்க இயேசப்பாவுக்கு வைஃபை கீதா? கரண்டு போச்சுன்னா காலை நீட்டிப் படு. எவன் பாக்கப் போறான்?"

"கரண்டு போனா அவரும் போயிடுவாரா, போடி."

ஒருநாள் மழையில் கரண்ட் போனது. வனஜா கிளம்பிப்போன பிறகு இன்வெர்ட்டரும் அடங்கியது. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. மோட்டார் கட்டிலின் தலைப்பக்கம் மேலே எழவில்லை. படுக்கவைத்து ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஊட்டாமல் மாத்திரை கொடுக்கவும் முடியாது.

அன்னம்மாள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, லோகநாயகியைத் தன் மார்மேல் சாய்த்துக்கொண்டு ஊட்டினாள். உண்டது இறங்கும்வரை படுக்கவிடாமல் அப்படியே பிடித்திருந்தாள். தோள்பட்டை விட்டுப்போகும்போல வலித்தது. கீழே சாய்த்துவிட்டால் கேட்க ஆளில்லை. "நீரு பாக்கறீரே, இயேசப்பா" என்று முனகியபடி இறுக்கிக்கொண்டாள். லோகநாயகியின் நல்ல கை மெல்ல வந்து அவள் முழங்கையைப் பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. மூச்சும் இல்லை.

அன்னம்மாள் போன் பண்ணியதும் நனைந்தபடி வந்த ஸ்வாதி அம்மாவைத் தொடக்கூட இல்லை.

"கேமரா போனதும் தூங்கிட்டீங்க. படுக்கவெச்சே ஊட்டியிருக்கீங்க."

"இல்லம்மா. என் மேல சாச்சுக்கினுதான் ஊட்டுனேன்."

"யார் பார்த்தாங்க?"

அன்னம்மாளுக்கு ஒரே ஒரு பெயர்தான் வாயில் வந்தது. "ஆண்டவர் பாத்தாரும்மா."

"அப்போ அவரைக் கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லுங்க."

உடம்பைக் குளிப்பாட்டவும் விடவில்லை. ஏஜென்சி அப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லை. இப்போது பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கக்கூஸ் கழுவுகிறாள். கோபமா என்று கேட்டேன். "எனுக்கின்னா கோவம்? அந்தப் பொண்ணுதான், அம்மா அனாதையா செத்துச்சுன்னு நெனச்சிகினு கீது. அதான் நெஞ்சை அறுக்குது" என்றாள்.

ஸ்வாதி வீடு மாறிப்போய்விட்டாள். எங்கே என்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவள் அம்மா கடைசி மூச்சுவரை ஒருத்தியின் கைக்குள்தான் இருந்தாள் என்பது, எப்படியாவது அவள் காதுக்குப் போய்ச் சேரட்டும்.