கோபால் லீவு

தன் பெயரை ஒருத்தன் பிடுங்கி ஊருக்கெல்லாம் பங்கு வைத்ததைக் கோபாலசாமி வருஷக்கணக்காக மறக்கவில்லை. அப்படிச் செய்தவன் யேசுதாசன். முட்டத்துக் கடலை விட்டுவிட்டு ஷட்டரிங் வேலைக்கு வந்தவன். கல்ஃபில், அல் கூஸ் லேபர் கேம்பில் கோபாலசாமிக்கு அடுத்த கட்டில்.

யேசுதாசனுக்கு வாய் சும்மா இருக்காது. ஏசி ஓடாத கம்பெனி பஸ்ஸுக்கு 'இட்லிக்கொப்பரை' என்று பெயர் வைத்தான். ஓயாமல் கத்துகிற ஃபோர்மேனுக்குக் 'குக்கர்'. மெஸ்ஸில் ஊற்றுகிற பருப்புக்கு 'வள்ளம்'. அந்தத் தண்ணீரில் வள்ளம் விடலாமாம். "வள்ளத்தைக் குடிச்சிட்டுக் கொப்பரையில ஏறுங்கலேய், குக்கர் விசிலடிக்கு" என்று காலையில் சத்தம் போட்டான் என்றால், தூக்கம் கலையாதவனும் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டுவான்.

லீவில் போகிறவன் முந்தின நாள் ரூமுக்கே கறி எடுத்துப் போட வேண்டும். கேம்ப் வழக்கம் அது. தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பின கோபாலசாமியும் போட்டான். எல்லோரும் வயிறு முட்டத் தின்றார்கள். பெட்டிக்குக் கயிறு கட்டி, பெயரும் ஊரும் எழுதியாயிற்று. விடிந்ததும் ஆபீஸிலிருந்து போன். சைட்டில் ஆள் இல்லை, லீவு கிடையாது, கலாஸ், பேச்சு முடிந்தது. அவன் டூட்டி உடுப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். கட்டினபடி கிடந்த பெட்டியைப் பார்த்து யேசுதாசன் சொன்னான், "இதாம்லேய் கோபால் லீவு."

முதலில் ரூம் சிரித்தது. பிறகு கேம்ப் முழுக்கச் சிரித்தது. சலாலா சைட்டுக்கு மாறிப் போனவன் அங்கேயும் அதைக் கொண்டுபோனான். கோபாலசாமி யாரென்றே தெரியாதவனெல்லாம் கைக்கு எட்டாமல் போன லீவுக்கு அவன் பெயரைச் சொன்னான். தங்கச்சி கழுத்தில் தாலி ஏறினதைப் போனில் பார்த்தவன் அவன். அந்த வயிற்றெரிச்சல் சிரிக்கிறவனுக்கு எங்கே தெரியும்? அன்றிலிருந்து யேசுதாசனோடு பேச்சை அளவாக வைத்துக்கொண்டான்.

இந்த வருஷம் யேசுதாசனுக்கு ஈரல் கெட்டது. இனி ஊர்தான் என்று கம்பெனி டிக்கெட் போட்டது. டாக்டர் விடவில்லை. இந்த உடம்பு பிளேன் தாங்காது, நாளும் அதிகமில்லை என்றுவிட்டார். அதை அவனிடம் சொல்ல ரூமில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. சமையல் பார்க்கிற அஸ்கர் அலி ஆஸ்பத்திரிக்குப் பழச்சாறு கொண்டுபோய், "அடுத்த வாரம் வீட்டு மீன் கொழம்புதாண்ணே உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் போய்க் கண்ணைத் துடைத்தான். கட்டிலருகே கோபாலசாமி மட்டும் நின்றான்.

"லேய் கோபாலு, இவனுவ எல்லாம் பாவம் பாத்துப் பொய் சொல்லுதானுவ. ஒனக்கு என்மேல பாவம் கீவம் கெடையாது. நீ சொல்லு. என்னைப் பிளேன்ல ஏத்துவாவளா?"

இத்தனை வருஷம் திட்ட நினைத்ததெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. வெளியே வந்தது வேறு.

"மாட்டாங்க அண்ணாச்சி."

யேசுதாசன் பழச்சாறு டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"அப்பம் எனக்கும் கோபால் லீவுதான்." சிரிக்கப் போனது பாதியில் இருமலாயிற்று. "இது இம்புட்டுக் கசக்கும்னு எனக்குத் தெரியாதுடே."

கோபாலசாமி அவன் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தான். மன்னிப்பு கின்னிப்பு என்று இரண்டு பேரும் பேசவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. யேசுதாசன் பெண்டாட்டி சுகிர்தராணி. அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. யேசுதாசன் போனை எடுத்துக் கோபாலசாமியின் கையில் திணித்தான்.

"என்னைக் கூட்டிட்டுப் போவ திருவனந்தபுரத்துக்கு வேன் பேசி வச்சிருக்கா. மவ ரினியும் வாராளாம். என் வாயில வரமாட்டேங்கு. வேன் வேண்டாம்னு நீ சொல்லிரு. கோபால் லீவு அது இதுன்னு நம்ம ரூம் பேச்சு எதையும் போட்டு மூடாத, அவளுக்கு வெளங்காது. உள்ளதை நேராச் சொல்லு."