வளர்மதி நீக்கிய ஒரு வரி

போன வாரம் அரூரில் ஒரு நல்ல மனிதர் பேச்சு வாங்கினார். காரணம், சாட்சாத் நான்தான்.

மாதையன் என் பல வருட நண்பர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்மதி நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற வேலை. ஸ்கிரீன் ரீடர் திரையில் உள்ளதை வாசிக்க வாசிக்க, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மளமளவென்று தட்டிவிடுவார். அது வாசிக்காமல் விடுகிற இடங்களுக்கு அவரே ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். அதாவது, 'இங்கே இதைச் சொல்' என்று கம்ப்யூட்டருக்குச் சின்னச் சின்ன உத்தரவுகள்.

உதாரணத்துக்கு, பக்கத்தின் மூலையில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தால், 'போட்டோ சரியில்லை' என்று காதில் சொல்லிவிடும். சத்தமே வரவில்லையா? எல்லாம் சரி என்று அர்த்தம்.

கண் நன்றாகத் தெரிகிற வளர்மதி அந்த மஞ்சளை அடிக்கடி கோட்டைவிடுவார். விண்ணப்பம் திரும்பி வரும்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே... அந்த ஸ்கிரிப்டை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன என்று மாதையனைக் கேட்டேன். அவர் தயங்கினார்.

"இது எனக்குக் கண்ணுங்கக்கா. உங்களுக்கெல்லாம் சௌகரியம், அவ்வளவுதான்."

விடுவேனா? ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிக்குப் போட்ட சாய்தளத்தில் சாப்பாட்டு வண்டியும்தானே போகிறது என்று லெக்சர் அடித்தேன். பாவம், கொடுத்துவிட்டார்.

வளர்மதிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்தப் பேச்சுச் சத்தம் தலைவலியாம். மாதையன் லீவில் இருந்த நாளில், பேசுகிற வரியை நீக்கிவிட்டு, எச்சரிக்கையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வருகிற மாதிரி மாற்றினார். நல்ல மனசோடு மூன்று கம்ப்யூட்டரிலும் ஏற்றினார் — மாதையனுடையதிலும்.

மறுநாள் மாதையன் ஒரு கல்லூரி மாணவியின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை நிரப்பினார். சத்தம் வரவில்லை. அனுப்பிவிட்டார். போட்டோ மங்கல் என்று திரும்பி வந்தது. கடைசி நாளுக்கு ஒரே நாள் பாக்கி. பெண்ணின் அப்பா வந்து நின்றார்.

"கண்ணு தெரியாதவங்ககிட்ட குடுத்தது எங்க தப்புங்க."

இத்தனை வருடத்தில் மாதையனின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

வளர்மதிதான் எழுந்து வந்தார்.

"தப்பு என்னுதுங்க. அவரு காதுல கேக்கறத நான்தான் நிறுத்திட்டேன்."

வரியைத் திரும்பப் போட்டார்கள். புதுப் போட்டோ எடுத்து, மாதையனே மறுபடி அனுப்பினார். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று தெரியும்வரை அந்த அப்பா பக்கத்திலேயே நின்றார். போகும்போது மாதையனின் கையைப் பிடித்து, மனசுல வெச்சுக்காதீங்க என்றார்.

சரி, ஸ்கிரிப்ட் மற்றவர்களுக்கும் உதவலாமா, கூடாதா? உதவலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். மாதையனும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு மணி நேரம் திரையை அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும்.

"அப்பறம் எந்த வரிய வேணும்னாலும் எடுங்க" என்றார்.

வளர்மதி ஒரு மணி நேரமும் உட்கார்ந்தார். பிறகு ஒரு வரியையும் தொடவில்லை.

நானும் என் லேப்டாப்புக்குக் கேட்டேன். பதினோராவது நிமிடம் திரையைப் போட்டுவிட்டேன்.

எனக்கு இன்னும் ஸ்கிரிப்ட் வரவில்லை.