பிறந்தநாளன்று இறைவனடி சேர்த்தவன்

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பிரித்தானிய நகைச்சுவைப் படம்தான் என்று இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் உள்ளூர் வானொலி அறிவிப்பாளர்; உலகமே தன் குரலுக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு. மனைவி படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களை எப்ப படம் பிடிச்சவங்கள்?"

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் இணைய வானொலி ஒரு நிலவறையில் இயங்குகிறது. கிழமை முழுக்கக் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்கும் என்னை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் நான் அறிவிப்பாளர். அந்த ஒலிவாங்கி போனால் எனக்கு வேறொன்றும் இல்லை.

அடுத்த நாள் சனி. மனைவிக்கு நான் யாரென்று காட்ட, குரலைக் கனமாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு பெரியவரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வாழ்த்து. எங்கள் ஆட்கள் வாழ்த்தையும் மரண அறிவித்தலையும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள்: பிறப்பிடம், வதிவிடம், பிறகு நீண்ட உறவினர் பட்டியல். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஸ்டுட்கார்ட்டை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கியதும் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வாய் பழகிய வழியில் போய், "இன்று இறைவனடி சேர்ந்தார்" என்று முடித்தது. உடனே, ஒழுங்குபடுத்தி வைத்திருந்தபடியே, பிறந்தநாள் பாட்டு துள்ளிக்கொண்டு ஒலித்தது.

உயிரோடிருப்பவரைச் சாகடித்தால் ஜெர்மன் சட்டத்தில் என்ன தண்டனை என்று கைபேசியில் தேடினேன். வானொலிப் பொறுப்பாளர் உள்ளே வந்தபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். பேனா விழுந்துவிட்டது என்றேன். பேனா என் காதில் செருகியிருந்தது.

"அண்ணை, வெளியில வாங்கோ. செத்தவர் லைனில நிக்கிறார்."

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கினேன்.

"இரும் தம்பி. கனடாவில இருந்து மச்சாள் அழுதுகொண்டு எடுத்தவ. நான்தான் ஃபோனைத் தூக்கினனான். இப்ப அவவுக்குத்தான் நெஞ்சு படபடக்குதாம்." சிரித்துச் சிரித்து இருமினார். "வருசக்கணக்கா எடுக்காத ஆக்களெல்லாம் எடுத்திட்டினம். ஆனா திங்கக்கிழமைக்குப் பல்லு டொக்டர் வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறார். அதுக்கு முன்னம் என்னை உயிர்ப்பிச்சு விடும்."

பொறுப்பாளர் தொலைபேசியை வாங்கினார். "ஐயா, திருத்தத்தை நான் வாசிக்கிறன். இவரை இனி மைக்குக்குக் கிட்ட விடமாட்டன்."

"ஏலாது! சாகடிச்சவர்தான் வாசிக்கோணும்." தொலைபேசிக்குள்ளிருந்து பெரியவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, கீச்சுக் குரலில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் பொறுப்பாளர், "சரி, அடுத்த பாட்டைப் போடுங்கோ" என்றார். அவ்வளவுதான். அந்த இருக்கையில் இன்றும் நான்தான். அந்தப் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்தை என் கைக்கே அனுப்புகிறார். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில் இருக்கும்: "இன்னும் இருக்கிறார்."