மரியாதைக்கு ஒரு ‘மென்’

கரிப்புகையும் நெய்யில் வதங்கும் வெங்காயமும் கலந்த வாசனை எங்காவது வந்தால், இன்றும் எனக்கு அரியலூர் ரயிலடிதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அப்பா அங்கே கேட்மேன். எங்களுக்கு அடுத்த வரிசை வீட்டில் ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி, டெய்சியம்மா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, வெங்காய வாசனையோடு தன் ஆங்கிலத்தையும் நாள் முழுவதும் ஜன்னல் வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆங்கிலத்துக்காகவே என் அக்கா லூர்துமேரி தினமும் அவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். எட்டாவது முடித்திருந்த அவளுக்கு நர்ஸ் வேலை படிக்க ஆசை. வெளியூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டுத்தான் ஆள் எடுப்பார் என்றார்கள். அப்பா ஒரு தடவைக்குத்தான் சம்மதித்தார்.

“போயிட்டு வரட்டும். எடுக்கலன்னா பாடாலூர் மாமன் வூட்டுக்குச் சொல்லி அனுப்பிடுறேன். வைகாசியில கல்யாணம்.”

கேட்டு வந்ததையெல்லாம் அக்கா எனக்குச் சொல்லிக் காட்டுவாள். பேச்சு தடுக்கினால் ‘வெல்’ என்று போட வேண்டும். நாம் ‘வந்து, வந்து’ என்று இழுப்பதைப் போல. ஆனால் அவள் பெருமைப்பட்ட கண்டுபிடிப்பு வேறு.

“பாத்தியாடி, வார்த்தைக்கு வார்த்தை ‘மென்’னு முடிக்கிறாங்க. ‘நோ மென்’, ‘கம் மென்’. வூட்டுக்காரர்கிட்டயும் அப்படித்தான் பேசுறாங்க. இதாண்டி இங்கிலீசு ‘ங்க’.”

கணவரிடம் பேசுகிற பேச்சு மரியாதையாகத்தானே இருக்கும்? ஆனால் டெய்சியம்மா தன் நாயையும் ‘கெட் அவுட், மென்’ என்று விரட்டியதை நான் கேட்டிருந்தேன். வீட்டிலேயே இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண் நான். சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் தலை நரைத்த டாக்டரம்மா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டார்.

“லூர்துமேரி, மென்.”

ரத்தத்தைப் பார்த்தால் பயப்படுவாயா என்று கேட்டார்.

“நோ, மென்.”

பேனா நின்றது. அவர் அடுத்துச் சொன்ன ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. கேலி செய்கிறாயா என்று கேட்கிறார் என்பது குரலிலேயே புரிந்தது. அக்கா பயந்துபோய் மரியாதையை இன்னும் கூட்டினாள்.

“வெல்... சாரி, மென். சாரி, மென்.”

டாக்டரம்மா காகிதத்தை மடித்தார். எனக்குப் பாடாலூர் மாமன் வீட்டு வாசல் கண்ணில் தெரிந்தது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் பேசிவிட்டேன்.

“அக்கா மரியாதையாத்தான் சொல்லுச்சுங்க. நம்ம ‘ங்க’ மாதிரின்னு நெனச்சிருச்சுங்க. டெய்சியம்மா நாயைக்கூட அப்படித்தான் சொல்லுவாங்க. நான்தான் சொல்லாம இருந்துட்டேங்க.”

மடித்த காகிதம் மெல்லப் பிரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“நான் வந்த புதுசுல தாசில்தாரை ‘வாடா கண்ணு, உக்காரு’ன்னு சொல்லிட்டேன். சமையக்காரம்மா அவங்க பையனைக் கூப்பிடறதைக் கேட்டுக் கத்துக்கிட்ட தமிழ்,” என்றார், சிரிக்காமல். பிறகு அக்காவைப் பார்த்து, “இங்க வர்ற நோயாளிங்களுக்கு உன் ‘ங்க’ போதும். ஆனி மாசம் வந்து சேரு,” என்றார்.

‘மேன்’ என்ற சொல்லின் திரிபான ‘மென்’, ஆண், பெண், நாய் என்று பாராமல் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் வெறும் பழக்கச் சொல் என்று அங்கே போன பிறகுதான் அக்கா தெரிந்துகொண்டாள்.

அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. டெய்சியம்மா குடும்பம் எப்போதோ கப்பலேறிவிட்டது. அந்த ஆங்கிலத்தை இப்போது ரயிலடியில் யாரும் பேசுவதில்லை. தலைமை நர்ஸாக ஓய்வு பெற்ற அக்காவும் திருத்தமாகத்தான் பேசுகிறாள். ஆனால் நாலு பேர் நடுவில் ஏதோ சொல்ல வந்து நான் தயங்கி நின்றால் மட்டும், பக்கத்தில் வந்து காதோடு சொல்வாள்:

“சொல்லு, மென்.”

மரியாதையாகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, நானும் சொல்லிவிடுகிறேன்.