மங்களிகாவின் இரண்டு கைகள்

மங்களிகா எங்கள் மேல்மாடியில் குடியிருந்தாள். இலங்கையில் மாரவிலைக்காரி, எனக்குப் பக்கத்து ஊர். நேப்பிள்ஸுக்கு வரும்போது மகள் இமேஷா கைக்குழந்தை. அக்கா சுனேத்ராவிடம் விட்டுவிட்டு, "விசா கிடைச்சதும் கூட்டிக்கிறேன்" என்று சொல்லி விமானம் ஏறியவள். விசா கிடைப்பதற்குள் பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது.

இங்கே வந்ததிலிருந்து ஒரு இத்தாலிய வக்கீலம்மா வீட்டில்தான் வேலை. அங்கே ஜினெவ்ரா என்று ஒரு பெண் குழந்தை. தொப்புள்கொடி விழுந்த நாளிலிருந்து அதைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, தூங்க வைத்தது எல்லாம் மங்களிகாதான். அது பேசிய முதல் வார்த்தையே சிங்களம். இவளை "அம்மே" என்று, சிங்களப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுவது போலவே கூப்பிடும். வக்கீலம்மா அதை ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மங்களிகாவும் திருத்தவில்லை.

அந்த ஆகஸ்டில் இமேஷா வந்து சேர்ந்தாள். அவளுக்கு அம்மா என்றால் சுனேத்ராதான். பெற்றவளைச் "சின்னம்மா" என்றாள். "பழகிடும் அக்கா, ஸ்கூல் தொடங்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மங்களிகா பள்ளிக்கூடத்துக்குப் போட வேண்டிய நீல மேலங்கியைத் தைக்க உட்கார்ந்தாள். கழுத்துப்பட்டையில் மகள் பெயரைச் சிவப்பு நூலால் பின்னினாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் லீவு கேட்டாள். வக்கீலம்மா, "ஜினெவ்ராவுக்கும் அதே ஸ்கூல்தானே, அவளுக்கும் இன்னிக்குத்தான் முதல் நாள். எனக்குக் கோர்ட் இருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்தே கூட்டிட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டார். இமேஷாவின் அப்பா சரத் அப்போது கப்பல் சமையலறையில் வேலையாக இருந்தான். "எனக்கு வீட்டு வேலைக்கான இத்தாலியன்தான் வரும், டீச்சர்கிட்ட பேச வராது, நீங்களும் வாங்க" என்று மங்களிகா கூப்பிட்டதால் நானும் போனேன்.

மொழி தெரியாததால் இமேஷாவையும் முதல் வகுப்பிலேயே சேர்த்திருந்தார்கள். முற்றத்தில் அசுந்தா டீச்சர் பெயர் வாசிக்க ஆரம்பித்தார். ஜினெவ்ராவின் பெயர் வந்ததும் அந்தக் குழந்தை மங்களிகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது. சுத்தமான சிங்களத்தில்தான் அழுதது.

"அம்மே, என்ன விட்டுட்டுப் போகாத அம்மே!"

மங்களிகா குனிந்து அதன் மூக்கைத் துடைத்தாள். "எங்கேயும் போகலடி தங்கம். அம்மா வாசல்லயேதான் நிப்பேன்."

அந்த 'அம்மா' அவள் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்துவிட்டது. இமேஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பாப்பாக்கு எப்படி நம்ம பேச்சு தெரியும்?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன் மகளே."

"எப்போ?"

"அவ பொறந்ததிலேருந்து."

இமேஷா பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டு, தானாக நடந்து போய் வரிசையில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

டீச்சருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "அட, இவளுக்கு உங்க பாஷை தெரியுமா? ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சிடறேன். இவளே மொழிபெயர்ப்பாளர்!" என்றார். நான் தடுப்பதற்குள் வரிசை உள்ளே போய்விட்டது.

மதியம் கதவு திறந்ததும் ஜினெவ்ரா ஓடிவந்து மங்களிகா மேல் தாவியது. "அம்மே, அம்மே, இவ 'எங்க அம்மா மாரவிலையில இருக்காங்க'ன்னு சொன்னா. நான் டீச்சர்கிட்ட அப்படியே சொல்லிட்டேன்!" என்றது பெருமையாக. பின்னால் வந்த இமேஷா என் பக்கம் திரும்பினாள்.

"பியசீலி ஆன்ட்டி, நான் உங்களோட வரேன்."

வழியெல்லாம் இமேஷா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பத்தடி பின்னால் அந்தக் குழந்தையைச் சுமந்துகொண்டு மங்களிகா வந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். "பிள்ளை ஏங்கிப் போயிடுவாளே, உனக்கு மனசே இல்லையா?" என்று வக்கீலம்மா கேட்டாராம். "இருக்கிற மனசு என் மகளுக்குத்தான் வேணும் சிஞோரா" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து என் சமையலறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு காலையில் மாடிப்படிகள் கழுவும் வேலைக்குப் போய்விட்டு மதியம் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். கிரிபத் என்கிற தேங்காய்ப்பால் சோறு செய்வாள், தலைவாரிவிடுவாள். இமேஷா சொன்னபடி கேட்டாள், சாப்பிட்டாள், "நல்லா இருக்கு சின்னம்மா" என்றாள். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி அத்தனை மரியாதை.

குளிர்காலத்தில் ஒருநாள் அவளுக்குக் கடும் காய்ச்சல். நானும் அங்கே இருந்தேன். கண்ணை மூடியபடியே "அம்மே... அம்மே..." என்று முனகினாள். அடுப்படியிலிருந்து மங்களிகா ஓடிவந்தாள், கரண்டிகூடக் கையில்தான்.

"இதோ வந்துட்டேன் மகளே, இதோ இருக்கேன்!"

பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தது. "உங்கள இல்ல சின்னம்மா. போன் போட்டுக் குடுங்க, அம்மாகிட்ட பேசணும்."

மங்களிகா போனை எடுத்து அக்காவின் எண்ணைப் போட்டு, பிள்ளையின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சுனேத்ரா பாடத் தொடங்கினாள். பிள்ளை தூங்கும்வரை மங்களிகா கையை எடுக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு சரத் மகளை ஊருக்குக் கூட்டிப் போனான். திரும்பி அவன் மட்டும் வந்தான். "அங்கேயே படிக்கட்டும்னு நான்தான் சொன்னேன் அக்கா. பிள்ளை சிரிச்சு இவரு அங்கதான் பார்த்தாராம்" என்றாள் மங்களிகா.

இப்போது ஒரு வயதான மாலுமியைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற வேலை என் மூலமாகவே இரண்டு மூன்று வந்தன. "குழந்தை இருக்கிற வீடு மட்டும் வேண்டாம் அக்கா" என்று மறுத்துவிட்டாள்.